நாலாம் நம்பர் தொட்டி

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு எண்ணை அனுப்பிவிட்டு உறங்கிப் போகும்படிதான் அந்தப் பெட்டிகளை அமைத்திருந்தார்கள். ஆனால் இலக்கியா மடிக்கணினியைத் திறந்து வைத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி ஒரு வாய் குடிப்பதற்குள், நாலாம் நம்பர் தொட்டியில் தொங்கும் பெட்டி நூற்றுச் சொச்சம் எண்களை அனுப்பியிருந்தது.

அவள் பாட்டிலை மூடினாள். எண்கள் நிற்கவில்லை.

மாலை ஐந்தேகால் இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற மண் பாதையின் கடைசியில், கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருந்தது சுபைர் பாயின் தீவன மில். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளியைப் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியை லாரியில் கொண்டுவந்து, தரைக்கடியில் கட்டிய நான்கு காங்கிரீட் தொட்டிகளில் கொட்டிப் புளிக்கவைத்து, உலர்த்தி, மாட்டுத் தீவனமாக விற்பது அவருடைய தொழில். புளிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆள் இறங்கிப் பார்க்க வேண்டாம். தொட்டிக்குள் எழும் வாயுவைப் பெட்டி முகர்ந்து, கம்பியில்லாமல் அலுவலகக் கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவுக்கு அனுப்பும். அங்கிருந்து சேலத்திலுள்ள கணினிக்குப் போகும். எட்டு மாதமாகக் கற்றுக்கொண்டதை வைத்து அந்தக் கணினி ‘புளிக்கிறது’, ‘பதம்’, ‘முறிந்தது’ என்று தொழிலாளிகளின் கைபேசிக்கே சொல்லிவிடும். உள்ளே இறங்கலாமா கூடாதா என்பதைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இலக்கியாவின் வேலை.

மில் ஓடி நாற்பத்து மூன்று நாளாயிற்று. நாலாம் தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டதென்று இறங்கிய ராமசாமி மேலே வரவில்லை. அப்பாவைத் தூக்க இறங்கிய மகன் தமிழழகனும் வரவில்லை. அதற்குப் பிறகு சுபைர் பாய் தொழிலையே விட்டுவிட்டார். பெட்டிகளைக் கழற்றி எடுத்துவரச் சொல்லி, சின்னசேலத்திலிருந்த இலக்கியாவை, பெட்டி வைத்த சேலத்துக் கம்பெனி ஸ்கூட்டியில் அனுப்பியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அவளுடைய பையில் இருந்தன. நாலாவதை எடுக்க முடியாது. உடல்களை எடுத்தபின் தொட்டியை மோட்டார் வைத்து இறைத்து, சுண்ணாம்பு போட்டுக் கழுவி, மூடியின் மேல் ஒரு சாண் கனத்துக்குக் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டிக்காக உள்ளே கையை நீட்டக்கூட யாரும் சம்மதிக்கவில்லை. காற்றுக் குழாய் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியின் பேட்டரி மூன்று வாரம்தான் தாங்கும். கடைசியாக மாற்றியது அவள்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் அது செத்துப்போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

சுபைர் பாய்க்குப் போன் செய்தாள்.

“பாய், நாலாம் நம்பர் தொட்டிக்கு யாராச்சும் பேட்டரி மாத்துனாங்களா?”

மறுமுனையில் சங்கராபுரம் கடைத்தெருவின் இரைச்சல் கேட்டது. “இன்னாம்மா பேசற. காங்கிரீட் போட்டு ஒரு மாசம் ஆவுது. எறும்புகூட உள்ள போவ முடியாது.”

“எண்ணு வந்துக்கினே இருக்குதுங்க.”

“வரட்டும். நீ கெளம்பு. இருட்டறதுக்குள்ள மெயின் ரோட்டுக்கு வந்துடு.” கொஞ்சம் தயங்கினார். “அம்சவள்ளி அங்க இருக்குதா? ராமசாமி பொஞ்சாதி.”

“யாரையும் பாக்கலீங்க.”

“இருக்கும். தெனமும் வந்துடுது. ரெண்டு உசிரையும் ஒரே நாள்ல வுட்டவ, வராதன்னு நான் எந்த வாயால சொல்ல.”

போனை வைத்துவிட்டார். மேலே வெயிலில் காய்ந்திருந்த தகரக் கூரை குளிர ஆரம்பித்து, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சத்தம் போட்டது. திறந்திருந்த சன்னல் வழியாகப் புளித்த திப்பியின் வாடை வந்தது. அழுகிய மாவும் பழைய கள்ளும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நாற்பத்து மூன்று நாளாக இங்கே எதுவும் புளிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவள் சன்னலைச் சாத்தினாள். வாடை போகவில்லை.

திரையில் எண்களைக் கோடாக மாற்றினாள். புளிப்பின் கோடு எப்படிப் போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். முதல் நாள் தூங்கும். மூன்றாம் நாளிலிருந்து கரியமில வாயு ஒரு குன்றைப்போல நிதானமாக ஏறும். உச்சியில் சில நாள் நின்று, பிறகு நாள்கணக்கில் சரியும். இந்தக் கோடு அப்படி இல்லை. ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது, மறுபடி ஏறியது. ரம்பத்தின் பற்களைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அளவில்.

ஈரம் பட்டுப் பெட்டி கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேட்டரி சாகும்போது இப்படி உளறும் என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டும் நம்பத் தகுந்த காரணங்கள்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை பல் என்று எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழு. எண்ணி முடித்தபோது தன் நெஞ்சும் அந்தக் கோட்டோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்து, மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இரண்டாவது கோடு கண்ணில் பட்டது. பெரிய பற்களுக்கு இடையிடையே சின்னப் பற்கள். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் ஆழமில்லாமல். ஒன்று வயதானது, ஒன்று இளையது என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

திரையின் அடியில் சேலத்துக் கணினி தன் முடிவை எழுதியிருந்தது. ‘தொட்டி 4: புளிக்கிறது.’ அதன் பக்கத்தில் பச்சை வட்டம். ‘இறங்கலாம்.’

அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

ஐப்பசி மழையில் நாலாம் தொட்டி அடிக்கடி சிவப்பு காட்டியது. பெட்டியில் ஈரம் கோத்துக்கொண்டு, காற்று நன்றாக இருக்கும்போதும் கத்தியது. ஒவ்வொரு முறையும் வேலை நின்றது. லாரிகள் காத்துக் கிடந்தன. சேலத்திலிருந்து மேலாளர் போன் செய்து, அதைச் சரிபண்ண முடியுமா முடியாதா என்று கேட்டார். சரியான வழி, தொட்டி தொட்டியாகப் போய்ப் பெட்டியை மாற்றி, இரண்டு வாரம் புதிதாக அளந்து, கணினிக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பது. அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே, நாலாம் தொட்டி கத்திய பதினொரு தடவைகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பொய்’ என்று குறித்துவிட்டுக் கணினிக்குத் திரும்பக் கொடுத்தாள். அரை மணி நேர வேலை. அந்தப் பதினொன்றில் இரண்டு பொய்யில்லை என்பது, எல்லாம் முடிந்தபின் ஒரு ராத்திரி முழுக்கப் பழைய எண்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கணினி நல்ல மாணவன். நாலாம் தொட்டியில் வாயு நிறைந்தால் அதற்குப் பெயர் பச்சை என்று கற்றுக்கொண்டது.

கைபேசியைப் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் கணினியின் பதிவேட்டில் இருந்தது. அன்று காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ராமசாமி தன் கைபேசியில் நாலாம் தொட்டியின் நிலையைத் திறந்து பார்த்திருந்தார். ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு மறுபடியும் பார்த்திருந்தார். இரண்டு முறை பார்த்துவிட்டு இறங்கிய மனிதர். அந்த இரண்டு வரிகளையும் இலக்கியா யாரிடமும் காட்டவில்லை.

கோடு ஏறியது. இறங்கியது.

மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு, அதே கோட்டைக் கைபேசியில் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். போய்விடலாம்தான். ஸ்கூட்டி வாசலிலேயே நின்றது. ஆனால் இப்போது போனால், சின்னசேலத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

தொட்டிகள் மில்லின் பின்புறம், மலையைப் பார்த்த பக்கம். நடக்க நடக்க வாடை கனத்தது. மலைச்சரிவில் வெளிச்சம் வடிந்துவிட்டிருந்தது. உச்சியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. இந்த நேரத்துக்கு மரங்களில் அடையும் குருவிகள் காது கிழியக் கத்தும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. தன் செருப்பு சரளைக் கல்லில் அரைபடும் ஓசையும், அதற்கு அப்பால், தொட்டிப் பக்கமிருந்து, பெரிய விலங்கு ஒன்று உறங்குவதுபோல ஓர் ஓசையும்தான் கேட்டன.

நின்றாள். ஓசை தெளிவானது. ஊஃப். இடைவெளி. ஊஃப்.

சுவரின் முனையைத் திரும்பியதும் பார்த்தாள். நாலாம் தொட்டியின் காங்கிரீட் மேல், காற்றுக் குழாய்க்கு முன்னால், ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். நீலப் புடவை. முடிச்சு அவிழ்ந்த நரைமுடி. குழாயின் வளைந்த வாயில் தன் வாயை ஒட்டவைத்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள்.

இலக்கியா சுவரில் சாய்ந்துகொண்டாள். பயத்தால் அல்ல, நிம்மதியால். வாயிலிருந்து போவது கரியமில வாயுதானே. இவள் ஊதும்போது கோடு ஏறுகிறது, நிறுத்தும்போது இறங்குகிறது. அவ்வளவுதான். பேட்டரியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

“அக்கா,” என்றாள். “அம்சவள்ளி அக்கா.”

அம்சவள்ளி வாயை எடுத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை. குழாயின் வட்டம் உதடுகளைச் சுற்றிச் சிவந்த தழும்பாகப் பதிந்திருந்தது. ஒரு நாள், இரண்டு நாளில் விழக்கூடிய தழும்பு இல்லை.

“வா கண்ணு. ஒக்காரு.”

“இன்னாக்கா செஞ்சிக்கினு இருக்கீங்க?”

“உள்ள காத்து இல்லன்னு தான டாக்டரு சொன்னாரு. காத்து இல்லாமத்தான் போயிட்டாங்கன்னு.” அவள் முந்தானையால் குழாயின் வாயை, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் துடைத்தாள். “அதான் குடுத்துக்கினு இருக்கறேன்.”

இலக்கியா பக்கத்தில் போய்க் குந்தினாள். “வூட்டுக்குப் போலாங்க்கா. நான் வண்டியில கொண்டாந்து வுடறேன்.”

“மொதல்ல ஒண்ணும் தெரியல. பத்து நாளு சும்மா ஊதிக்கினு இருந்தேன். அப்பறம் அவரு வாங்கிக்கினாரு. அப்பறம் புள்ள.” மலையைப் பார்த்தபடியே சொன்னாள். “இப்ப அவங்களே மூச்சு வுட்டுக்கறாங்க. ஆனா பத்தல.”

இலக்கியா கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள்.

அம்சவள்ளி குழாயிலிருந்து வாயை எடுத்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கோடு ஏறியது. இறங்கியது. பெரிய பல். சின்னப் பல். பெரிய பல்.

ஓசையும் நிற்கவில்லை. ஊஃப். இடைவெளி. ஊஃப். அது குழாய்க்குள்ளிருந்து வந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அம்சவள்ளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று பார்த்தபோது, அந்தக் கையின் நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. உதடும் அப்படித்தான். அந்த நீலப் புடவைக்குள் நெஞ்சு அசையவில்லை. இலக்கியா வெகுநேரம் பார்த்தாள். அசையவில்லை. பேச வேண்டியிருக்கும்போது மட்டும் அம்சவள்ளி கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டாள், கடையில் ஒரு சின்னப் பொருள் வாங்குகிறவளைப்போல, தேவைக்கு மட்டும்.

“அக்கா. ஒண்ணு சொல்லணும்.” தன் குரல் எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. “அன்னைக்குப் போன்ல பச்சை காட்டுனது என்னாலதான். செவப்பு வந்திருக்கணும். நான்தான் அத மாத்தி வெச்சேன். யாராண்டயும் சொல்லல.”

“தெரியும்.”

“யாரு சொன்னாங்க?”

அம்சவள்ளி கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டாள். “அவருதான். ரெண்டு வாட்டி பாத்தாராம். ரெண்டு வாட்டியும் பச்சையாம்.”

“எப்ப சொன்னாரு?”

“நேத்து.”

உச்சியிலிருந்த மஞ்சள் கோடும் போய்விட்டது. கைபேசியின் வெளிச்சம் மட்டும்.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்து, குழாய்க்கு முன்னால் இடம் விட்டாள். “அவங்களாண்ட சொல்லு.”

சொல்லாமல் எழுந்துபோக அந்த ஒரு கணம் இருந்தது. பிறகு பலமுறை அவள் அதை நினைத்துப் பார்த்திருப்பாள், அப்படி ஒரு பிறகு இருந்திருந்தால். நாற்பத்து மூன்று நாளாக நெஞ்சில் கிடந்ததை ஒரே ஒரு முறை, சொல்ல வேண்டியவர்களிடமே சொல்லிவிட்டால் தூக்கம் வரும் என்று தோன்றியது. இலக்கியா மண்டியிட்டாள். காங்கிரீட் சில்லிட்டிருக்கும் என்று எதிர்பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

குழாயின் வாய் ஈரமாக இருந்தது. உள்ளிருந்து புளித்த காற்று அவள் முகத்தில் பட்டது, விலகியது, பட்டது.

சொன்னாள். பதினொரு தடவை ‘பொய்’ என்று எழுதியதை. அதில் இரண்டு நிஜம் என்பதை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனதை. ஒன்பது நாற்பத்திரண்டு. ஒன்பது நாற்பத்து மூன்று. மறைத்ததை.

காற்று நின்றது.

கைபேசியைப் பார்த்தாள். கோடு நேராக ஓடியது. பெட்டி அணையவில்லை. எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரே எண். ஒரே எண். ஒரே எண். இரண்டு பேர் ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல.

“அவ்வளவுதான்,” என்றாள் இலக்கியா. “வேற ஒண்ணும் இல்ல.”

குழாய் உள்ளே இழுத்தது.

முதலில் கூந்தல். நெற்றியிலிருந்து பிரிந்த முடி குழாய்க்குள் போனது. பிறகு துப்பட்டாவின் ஓரம். பிறகு அவள் வாயிலிருந்த காற்று. தொண்டையிலிருந்தது. நெஞ்சிலிருந்தது. அவள் விடவில்லை. அதுவாகப் போயிற்று. வாயை மூட முயன்றாள். உதடு குழாயில் ஒட்டியிருந்தது. கைகளை ஊன்றித் தள்ளினாள். கைபேசி நழுவி விழுந்தது.

மூச்சை இழுக்க வேண்டும். இழுக்க எதுவும் இல்லை.

பின்தலையில் ஒரு கை பட்டது. அழுத்தவில்லை. மருந்து குடிக்க அடம் பிடிக்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல, இதமாக, நகராதபடி.

“மெதுவா வுடு கண்ணு,” என்றாள் அம்சவள்ளி. “ரெண்டு பேருக்கும் பத்தணும்.”

இலக்கியாவின் முழங்கால்களுக்கு அடியில், ஒரு சாண் கனத்துக் காங்கிரீட், நிறைந்துகொண்டிருக்கும் ஒரு மார்பைப்போல, மெல்ல மேலே எழும்பியது.